பைப்பு வளைக்க 1,800 ரூபாயா?

போன வாரம் ஆபீஸ் கேண்டீன்ல ஒரு சண்டை. கைகலப்பு எல்லாம் இல்லீங்க, டீ ஆறிப்போற அளவுக்கு வாய்ச்சண்டை, அவ்வளவுதான். சித்தப்பாவோட கார் ஏசிக்கு ஒரு அலுமினியப் பைப்பை புதுசா வளைச்சுப் போட 1,800 ரூபாய் ஆச்சுன்னு பேச்சுவாக்குல சொல்லிட்டேன். எதிர்ல உட்கார்ந்திருந்த நண்பர் வடையைக் கீழ வச்சுட்டு, "ஒரு குழாயை வளைக்க 1,800 ரூபாயா? பகல் கொள்ளைய்யா! அதுல அப்படி என்ன பெரிய வித்தை இருக்கு?"ன்னார். பக்கத்துல இருந்த ரெண்டு பேரும் ஆமாம் சாமி போட்டாங்க.

அவங்களுக்கு அங்க சொன்னது பாதி. மீதி இங்க. இதைப் படிக்கிற உங்கள்ல நிறைய பேர் என்னை மாதிரி பொட்டி தட்டிப் பொழைக்கறவங்கதான், அதனால இந்தத் திட்டு உங்களுக்கும் சேர்த்து. முதல் அடி எனக்குத்தான், பயப்படாதீங்க.

சித்தப்பா சென்னையில கால் டாக்ஸி ஓட்டுறார். சொந்த வண்டி, கடன் இன்னும் முடியல. போன மே மாசம் நடு வெயில்ல ஏசி நின்னுபோச்சு. என்ஜின் பக்கவாட்டுல போற சக்ஷன் பைப்பைப் பிடிச்சிருந்த கிளாம்ப்புல ரப்பர் எப்பவோ தேய்ஞ்சு விழுந்திருக்கு. வண்டி அதிர அதிர, அலுமினியம் இரும்போட உரசி உரசி, ஊசி முனை அளவுக்கு ஓட்டை. கேஸ் மொத்தமும் காலி.

சர்வீஸ் சென்டர்ல கேட்டா, பைப்பு, ஹோஸ் எல்லாம் சேர்த்து முழு செட்டா மாத்தணும், 7,000 ரூபாய்க்கு மேல ஆகும், ஸ்டாக் இல்லை, 10 நாள் காத்திருக்கணும்னாங்க. மே மாசம் ஏசி இல்லாத டாக்ஸியில யார் ஏறுவா? 10 நாள் வண்டி நின்னா தவணை யார் கட்டறது? சித்தப்பா எனக்கு போன் போட்டார். "நீ மெக்கானிக்கல் படிச்சவன்தானேடா, கொஞ்சம் கூட வந்து பேசு."

போனேன். பேசினேன். வினையே அங்கதான் ஆரம்பிச்சது.

வீட்டுக்குப் பக்கத்துல ஒரு ஒர்க்ஷாப். அவர் பார்த்துட்டு, "ஓட்டை விழுந்த துண்டை வெட்டி எடுத்துட்டு புதுப் பைப்பு வச்சுப் பத்த வைக்கலாம் சார். ரெண்டு பெண்டு வருது. பெண்டர் இருக்கிற இடத்துல கொடுத்து வளைச்சு வாங்கியாரணும். 900 ஆகும்"னார். நான் உடனே நாலு வருஷப் படிப்பையும் எடுத்து அவர் மேல வீசினேன். "ஒரு முழம் பைப்புங்க. அதை வளைக்க எதுக்கு 900?" பேரம் பேசிப் பேசி 400-க்கு இறக்கினேன். அவர் கொஞ்சம் யோசிச்சார். "400-ன்னா கையிலயே வளைச்சுத் தரேன் சார்"னார். "எப்படியோ வளைஞ்சா சரி"ன்னேன். சித்தப்பா என்னைப் பெருமையாப் பார்த்தார்.

பைப்புக்குள்ள மணலை அடைச்சு, முழங்கால்ல வச்சு வளைச்சார். வளைவுக்கு உள்பக்கம் லேசா சுருக்கம், வெளிப்பக்கம் கொஞ்சம் சப்பை. பத்த வச்சு, மாட்டி, கேஸ் அடிச்சதும் ஏசி ஜில்லுன்னு வந்துடுச்சு. 500 ரூபாய் மிச்சம்!

மூணு வாரத்துல கூலிங் குறைஞ்சது. வேற ஒரு கடையில "கேஸ் கம்மி சார்"னு 1,500 வாங்கிட்டு டாப்-அப். கொஞ்ச நாள்ல மறுபடி. அதுக்கப்புறம் மறுபடி. நாலாவது தடவைக்குக் கிளம்பறதுக்குள்ள பானெட்டுக்குள்ள கறமுறன்னு ஒரு சத்தம், பெல்ட் கருகுற வாசனை. கம்ப்ரஸர் ஜாம். புதுக் கம்ப்ரஸர், டிரையர், லைன் சுத்தம் பண்ற கூலி எல்லாம் சேர்த்து 22,000. மூணு டாப்-அப்பையும் கூட்டினா 26,500. நான் சாமர்த்தியமா மிச்சம் பிடிச்ச 500 ரூபாயோட கதை இதுதான்.

அதுக்கப்புறம்தான் ஒருத்தர் சொல்லி புதுப்பேட்டைக்குப் போனோம். அங்க ஒரு சந்துல வயசான பாய் ஒருத்தர். பழைய பைப்பைக் கையில வாங்கி, வளைவு மேல கட்டைவிரலால ஒரு தடவு தடவினார். "கையில வளைச்சது. மணல் போட்டிருக்காங்க"ன்னார். நான் ஙேன்னு முழிச்சேன். பைப்பை நீளவாக்குல பிளந்து காட்டினார். வளைவோட வெளிப்பக்கத்துல மயிரிழை மாதிரி ஒரு விரிசல். உள்சுவத்துல, மெத்துன்னு இருக்கிற அலுமினியத்துல பதிஞ்சுபோய், மணல் துகள் மினுக்கிட்டு இருந்துச்சு. "சக்ஷன் பைப்பு தம்பி இது. இதுல இருக்கிறது நேரா கம்ப்ரஸர் வாய்க்குள்ள போகும்"னார்.

நிற்க. இப்ப கொஞ்சம் பாடம் எடுக்கறேன், பொறுத்துக்கோங்க.

முதல் விஷயம். கார் ஏசியில கேஸ் "தீராது". அது பெட்ரோல் இல்லை, எரிஞ்சு போறதுக்கு. ஒரே கேஸ்தான் மூடின சுத்துல திரும்பத் திரும்ப ஓடுது. ரப்பர் ஹோஸ், ஷாஃப்ட் சீல் வழியா துளித்துளியா கசியறது உண்டு, அது தெரிய வருஷக்கணக்கு ஆகும். மூணு வாரத்துல கேஸ் கம்மின்னா ஓட்டைன்னு அர்த்தம். ஓட்டையைத் தேடாம கேஸ் அடிக்கறது ஓட்டை வாளியில தண்ணி பிடிக்கற கதைதான். இன்னொண்ணு, கம்ப்ரஸருக்கு வேண்டிய ஆயில் அந்த கேஸோட கலந்துதான் சுத்திவருது. கேஸ் குறைஞ்சா ஆயிலும் ஒழுங்கா திரும்பி வராது. ஆயில் இல்லாம, கூட மணலும் சேர்ந்து சுத்தின கம்ப்ரஸர் எவ்வளவு நாள் தாங்கும்?

ரெண்டாவது, வளைவு. நம்ம ஊர்ல மெக்கானிக்கலோ சிவிலோ படிச்ச எவனைத் தூக்கத்துல எழுப்பினாலும் 'எம் பை ஐ ஈக்வல் டு எஃப் பை ஒய் ஈக்வல் டு இ பை ஆர்'னு ஒப்பிப்பான். நானும் ஒப்பிச்சுத்தான் பாஸ் பண்ணேன். இதுல காமெடி என்னன்னா, அந்தச் சூத்திரம் எலாஸ்டிக் எல்லைக்குள்ள மட்டும்தான் செல்லும். கையை எடுத்ததும் பழையபடி நிமிர்ந்துடற வளைவுக்குத்தான் அது. குழாய் வளைஞ்சபடியே நிக்கணும்னா அந்த எல்லையைத் தாண்டியே ஆகணும். நாம விழுந்து விழுந்து படிச்சது எங்க முடியுதோ, பாயோட வேலை அங்கதான் ஆரம்பிக்குது.

கணக்கு ரொம்ப எளிசு. 16 மில்லிமீட்டர் விட்டம், 1.2 மில்லிமீட்டர் சுவர் உள்ள பைப்பு. வளைவோட நடுக்கோட்டு ஆரம் விட்டத்தைப் போல ரெண்டு மடங்குன்னா 32 மில்லிமீட்டர். வெளிப்பக்கத்துக்கு ஆரம் 40. அதாவது வெளிச்சுவர் 25 சதவீதம் நீண்டே ஆகணும். நீளுதுன்னா மெலியும், ஏறக்குறைய 20 சதவீதம் மெலிஞ்சு 1 மில்லிமீட்டருக்குக் கிட்ட வந்துடும். அதுவே இடம் இல்லைன்னு ஆரத்தை 16-க்குக் குறைச்சா, வெளிச்சுவர் 50 சதவீதம் நீளணும், சுவர் 0.8 மில்லிமீட்டராயிடும். ஏசி லைனுக்குன்னே வர்ற 3003 ரக அலுமினியம், நல்லா இளக்கின நிலையிலகூட இழுவைச் சோதனையில சுமார் 30 சதவீதம்தான் நீளும். ஜன்னல் சட்டத்துக்கு வர்ற கடினமான 6063-ஐ எடுத்து இதே வளைவு வளைச்சா படக்குன்னு விட்டுடும். "அலுமினியப் பைப்புதானே, ஹார்ட்வேர் கடையில மீட்டர் கணக்குல கிடைக்குதே"ன்னு சொல்றவங்க இதைக் கவனிக்கவும்.

வெளிப்பக்கம் நீளும்போது உள்பக்கம் நசுங்கிச் சுருங்கும். தாங்கிப் பிடிக்க ஆள் இல்லைன்னா குழாய் முட்டை வடிவத்துக்குப் போயிடும். போனா என்னவா? வேகமா ஓடுற வாயுவுக்கு, உள்விட்டம் 10 சதவீதம் குறைஞ்சாலே அழுத்த இழப்பு ஏறக்குறைய 1.7 மடங்கு ஆகுது. சக்ஷன் லைன்ல அழுத்தம் குறைஞ்சா கூலிங் அடிவாங்கும். ஹை சைடுல வேற பிரச்சினை. சென்னை வெயில்ல அங்க 200 பிஎஸ்ஐ-க்கு மேல சாதாரணமா ஏறும். உங்க கார் டயர்ல இருக்கிறது 32-தான். அதைப்போல ஆறேழு மடங்கு அழுத்தம் அந்த மெலிஞ்ச சுவத்தை இடிச்சுக்கிட்டே இருக்கு, மேல என்ஜின் அதிர்வு வேற. இரும்புக்கு ஒரு அளவுக்குக் கீழ எத்தனை கோடித் தடவை ஆட்டினாலும் களைப்பு விரிசல் வராதுன்னு ஒரு எல்லை உண்டு. அலுமினியத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. சின்னச் சுருக்கம் ஒண்ணு இருந்தா போதும், விரிசல் அங்க பிள்ளையார் சுழி போட்டுடும்.

சரி, பாய் அந்த 1,800 ரூபாய்க்கு என்னதான் பண்ணார்? பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

முதல்ல ஒரு மெல்லிய கம்பியை எடுத்து, வண்டிக்குள்ள பைப்பு போற வழியெல்லாம் வளைச்சு வளைச்சு ஒரு மாதிரி எடுத்தார். எந்த இடத்துல எதோட இடிக்குது, எங்க விரல் அளவு இடைவெளி வேணும்னு எல்லாம் அதுலயே முடிவாச்சு. கம்ப்ரஸர் என்ஜின்ல இருக்கு, என்ஜின் ஆடும். கண்டென்ஸர் பாடியில இருக்கு, அது ஆடாது. அதனால கம்ப்ரஸர் பக்கம் ஹோஸ் எவ்வளவு நீளம் இருக்கணும், அலுமினியம் எங்க ஆரம்பிக்கலாம்னு பார்த்து வச்சுக்கிட்டார். "மொத்தமும் பைப்பாவே போட்டா ஆறு மாசத்துல ஒடியும் தம்பி."

கைவசம் இருந்த பைப்பு கொஞ்சம் கடினம். இளக்கணும். இங்கதான் எனக்கு வேர்த்துச்சு. சுத்த அலுமினியம் 660 டிகிரியில உருகும். இரும்பு, செம்பு மாதிரி சிவந்து முன்னறிவிப்பு எல்லாம் கொடுக்காது. பார்க்க அப்படியே இருக்கும், சட்டுனு உருகி ஒழுகிடும். பாய்கிட்ட தெர்மாமீட்டர் கிடையாது. துணி சோப்பை எடுத்து வளைக்கிற இடத்துல தடவினார். தீயைக் காட்டி, சோப்பு கருக்கிற நேரம் பார்த்துத் தீயை விலக்கினார். முடிஞ்சது.

அப்புறம், பைப்போட விட்டத்துக்குச் சரியாப் பள்ளம் வெட்டின பெண்டர்ல வச்சு, மெதுவா, நிறுத்தாம ஒரே இழுப்பு. 90 டிகிரி வேணும்னா 92, 93 வரைக்கும் போய் விடறார். விட்டதும் அது தானா 90-க்கு வந்து நிக்குது. ஒரு தடவை தப்பாப் போச்சுன்னா நிமிர்த்தி மறுபடி வளைக்கறதில்லை, துண்டை ஓரமா எறிஞ்சுடறார். வளைச்ச அலுமினியம் இறுகிப்போயிடும், அதே இடத்துல திரும்ப வளைச்சா விரிசல்தான். நமக்கு இருக்கிற மாதிரி அவருக்கு கண்ட்ரோல் இசட் கிடையாது பாருங்க :-)

முக்கியமா ஒண்ணு, முனையைப் பத்த வைக்கறதுக்கு முன்னாடி நட்டை உள்ள மாட்டினார். கடைசியில ஞாபகம் வந்தா மாட்ட முடியாது. புரொடக்ஷன்ல போட்டப்புறம் ஃபைலைக் காணோம்னு தேடின அனுபவம் இருக்கிறவங்களுக்கு இதோட அருமை புரியும். பத்த வைக்கற வேலை தனிக் கண்டம். பத்த வைக்கிற கம்பி சுமார் 580 டிகிரியில உருகுது, பைப்பு சுமார் 640-ல உருக ஆரம்பிக்குது. நடுவுல இருக்கிற அந்த 60 டிகிரிக்குள்ள, கண்ணாலயும் கையாலயும் வேலையை முடிக்கணும்.

அப்புறம் பைப்பை ஊதிச் சுத்தம் பண்ணி, ரெண்டு முனையையும் அடைச்சு, நைட்ரஜன் ஏத்தித் தண்ணித் தொட்டியில அமுக்கிப் பார்த்தார். ஒரு குமிழி வரலை. வண்டியில மாட்டி முக்கால் மணி நேரம் வேக்யூம். உள்ள இருக்கிற ஈரத்தை 30 டிகிரியில கொதிக்க வச்சு வெளியேத்தணும்னா, அழுத்தம் காத்தழுத்தத்துல ஏறக்குறைய 4 சதவீதத்துக்கு இறங்கணும். அதுக்கு நேரம் பிடிக்கும். கடைசியில எடை மெஷின்ல சிலிண்டரை வச்சு, பானெட்டுக்குள்ள ஸ்டிக்கர்ல என்ன போட்டிருக்கோ அத்தனை கிராம் கேஸ்.

இதுல "பைப்பு வளைக்கறது" எங்க இருக்கு, சொல்லுங்க பார்ப்போம். 1,800 ரூபாய் கொள்ளையா?

கேண்டீன்ல வந்த சப்பைக்கட்டுகளுக்கும் பதில் சொல்லிடறேன்.

1) "ஃபேக்டரியில மிஷின் வளைக்குது, துல்லியமா இருக்கு. இவர் கைக்கு அது ஈடாகுமா?" மிஷின்ல உள்பக்கம் மாண்ட்ரல்னு ஒண்ணு தாங்கிப் பிடிக்கும், வெளிப்பக்கம் அச்சு பிடிக்கும், அருமையா வரும். அது ஒரே பைப்பை ஆயிரக்கணக்குல வளைக்க. எட்டு வருஷம் ஓடின, ஒரு தடவை முன்னாடி இடி வாங்கின, எங்க சித்தப்பா வண்டிக்கு மட்டும் ஒரே ஒரு பைப்பு எந்த மிஷின் வளைச்சுத் தரும்? ஒரிஜினல் செட்டு உடனே கிடைச்சு, காசும் இருந்தா தாராளமா அதையே போடுங்க, நான் குறுக்க நிக்கலை. கிடைக்காதவங்களுக்கும் கட்டுப்படியாகாதவங்களுக்கும் பாய் மாதிரி ஆள்தான் கதி.

2) "யூட்யூப்ல பார்த்து நானே வளைச்சுடுவேன்." வளைங்க, நல்ல விஷயம். பைப்போட விட்டத்துக்குச் சரியான பெண்டர் வாங்குங்க, பழைய துண்டுல பத்துப் பதினஞ்சு தடவை பழகுங்க. பத்தாவது துண்டைத் தூக்கிப்போடும்போது 1,800 ரூபாய் எதுக்குன்னு தானா விளங்கிடும்.

3) "அவர் என்ன படிச்சிருக்கார்?" இதுதான் எனக்குச் சுருக்குன்னு தச்சது. ஏன்னா 900-ஐ 400 ஆக்கினப்போ என் மனசுக்குள்ள இருந்ததும் இதேதான். உட்கார்ந்து மூளையால பண்ற வேலைக்குக் காசு, நின்னு கையால பண்ற வேலைக்குப் பேரம். நாம ஒரு பட்டனோட கலர் மாத்த மூணு நாள்னு எஸ்டிமேட் கொடுப்போம், கிளையண்ட் வாயைத் திறக்காம கையெழுத்துப் போடணும். கைவேலைக்காரர் 900 கேட்டா நமக்கு வலிக்குது. அந்த ஒர்க்ஷாப்காரரைக் குத்தம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவர் முதல்ல சரியான வேலையைத்தான் சொன்னார், சரியான விலையையும் சொன்னார். தப்பான வேலையைக் கேட்டு வாங்கினது நான்.

இதுல நம்ம பர்ஸைத் தாண்டின விஷயமும் இருக்கு. இங்க ஓடுற கார்கள்ல பெரும்பாலும் ஆர்-134ஏ தான். ஒரு கிலோ வெளியே போனா, நூறு வருஷக் கணக்குல 1,430 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு விட்டதுக்குச் சமம்னு சர்வதேசக் கணக்கு. 450 கிராம் கசிஞ்சா 640 கிலோவுக்கு மேல. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிச்சா சுமார் 2.3 கிலோன்னு வச்சா, இது 280 லிட்டர் எரிச்ச மாதிரி. சித்தப்பா வண்டியில ஓட்டை விழுந்ததுல ஒரு முழு கேஸ், அப்புறம் டாப்-அப் மேல டாப்-அப். கணக்கை நீங்களே போட்டுக்குங்க, எனக்கு வெட்கமா இருக்கு. 2016-ல கிகாலியில போட்ட திருத்தத்தை இந்தியா 2021-ல ஏத்துக்கிச்சு, 2032-லிருந்து இந்த ரக வாயுக்களைப் படிப்படியாக் குறைச்சு 2047-க்குள்ள 85 சதவீதம் குறைக்கணும். பெரிய பெரிய ஹால்ல உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாங்க, சரி. ஆனா கேஸ் நிஜமா நிக்கறதும் ஓடறதும் புதுப்பேட்டை சந்துல ஒருத்தர் வளைக்கிற வளைவுல இருக்கு.

அதனால, அடுத்த தடவை "கேஸ் கம்மி சார்"னு யாராவது சொன்னா, "எங்க போச்சு?"ன்னு கேளுங்க. ஓட்டையைக் காட்டாம கேஸ் அடிக்க விடாதீங்க. பைப்பு புதுசா போடறதா இருந்தா, பெண்டர்ல வளைக்கறாங்களான்னு கேளுங்க, நைட்ரஜன்ல டெஸ்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்க, கிளாம்ப்புல ரப்பர் இருக்கான்னு விரலை விட்டுப் பாருங்க. இதெல்லாம் பண்றவர் என்ன கேட்கறாரோ அதைக் கொடுங்க. பேரம் பேசியே தீரணும்னு கை அரிச்சா, இருக்கவே இருக்கு மால்ல 300 ரூபாய் பாப்கார்ன், அங்க பேசிப் பாருங்க.

வேலை முடிஞ்சு பாய் 1,800 சொன்னப்போ சித்தப்பா பழக்கதோஷத்துல என்னைப் பார்த்தார். நான் வாயே திறக்கலை. எண்ணிக் கொடுத்தேன். அந்தப் பைப்பு போட்டு இந்தக் கோடையும் தாண்டியாச்சு, ஒரு கிராம் கேஸ் அடிக்கலை. சித்தப்பா தவணை கட்டிக்கிட்டு இருக்கார். அந்த 22,000-க்கு வாங்கின கைமாத்துல பாதி இன்னும் பாக்கி. அதை நான்தான் மாசாமாசம் கொடுக்கறேன். பின்ன, பேரம் பேசினது யாரு?

டிஸ்கி: பிளந்த அந்தப் பழைய பைப்பு இப்ப ஆபீஸ்ல என் மானிட்டர் பக்கத்துல இருக்கு. கேண்டீன் நண்பர் வந்து பார்த்துட்டு, "மணல் தெரியுதே"ன்னுட்டு வேற எதுவும் சொல்லாமப் போயிட்டார். பின்னூட்டத்துல திட்ட வர்றவங்க, முதல்ல ஒரு அலுமினியத் துண்டை சப்பை விழாம 90 டிகிரி வளைச்சுட்டு வந்து திட்டவும் :-)